முதலில் எறிய வேண்டியது

விடுதியிலிருந்து வந்த பட்டியலில்
பதினேழு சாமான்கள்.
வாளி ஒன்று.
ஆமைப்பூட்டு ஒன்று, இரண்டு திறப்புகளுடன்.
வெள்ளைப் படுக்கை விரிப்பு.
நுளம்பு வலை.
பதினாலாவதை வீட்டில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை.
பேனையால் பிறகு சேர்த்திருந்தார்கள்,
சிங்களத்தில், அவசரமான கையெழுத்தில்.
தம்பி அதைப் போனில் படமெடுத்துக்கொண்டு
மல்லாவிச் சந்தி பேக்கரிவரை சைக்கிளில் போனான்.
திரும்பி வந்து
படலைக்கு வெளியிலிருந்தே கத்தினான்:
"உடுப்புக் காயப்போடுற கயிறாம்!"
"கயிறோ," என்றார் அப்பா,
"கயிறு எங்களிட்ட வேண்டிய மட்டும் கிடக்கு."

சூட்கேஸ் வவுனியாவில் வாங்கியது.
நாலு சில்லு.
எங்கள் முற்றத்து மணலில் ஒன்றுகூட உருளவில்லை.
கிணற்றைச் சுற்றிய சீமெந்தில்
தம்பி அதை ஏழு தரம் உருட்டிப் பார்த்தான்,
எட்டாவது தரம்
பூனையை ஏற்றி.

அம்மாவுக்குப் பட்டியல் தேவைப்படவில்லை.
எல்லாவற்றையும் பாயில் பரப்பினா.
ஒவ்வொன்றாய்த் தூக்கி
கையாலேயே நிறை பார்த்தா.
சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றி,
மெழுகுதிரியால் விளிம்பை ஒட்டி,
திரும்ப ஒரு பொலித்தீனில் சுற்றி,
"இது பெட்டிக்குள்ள இல்லை, உன்ர உடம்போட" என்றா.
எனக்குச் சிரிப்பு வந்தது.
மாத்தறைக்கு ஏசி பஸ், அம்மா.
சீட் நம்பர்கூடத் தந்திருக்கிறார்கள்.

நான் அடுக்கியதை அவ கலைத்தா.
அவ அடுக்கியதை நான் கலைத்தேன்.
புதுச் செருப்பு, ஹெயார் டிரையர்,
ஜெனிற்றா மாமி தந்த பூப்போட்ட தேத்தண்ணிக் கோப்பை,
நான் ஆசைப்பட்டதெல்லாம் மேலே.
மிளகாய்த்தூள், பனடோல், ஒரு சோடி பழைய உடுப்பு
கீழே, கீழே.
"கோப்பை மேல இருந்தா உடையுமெல்லோ?"
"மேல இருக்கிறதுதான் முதல் எறியிறது."
"பஸ்ஸில ஆரம்மா எறியச் சொல்லப்போகினம்?"
அம்மா பதில் சொல்லவில்லை.
கோப்பையைச் செருப்புக்குள் செருகினா.
மேலேயே.

எனக்கு ஐந்து வயதாம் அப்போது.
தர்மபுரத்துக்குக் கிட்ட
இனி நடக்கமாட்டேன் என்று வீதியில் குந்திவிட்டேனாம்.
தலையிலிருந்த தையல் மெசினை இறக்கி
மதகோரம் வைத்துவிட்டு
என்னைத் தூக்கினாவாம்.
இது அம்மா சொன்னதில்லை.
அப்பா சொன்னது,
மெசினின் விலையோடு சேர்த்து.

நெல் நிறுக்கும் தராசில் பெட்டியைத் தொங்கவிட்டோம்.
இருபத்துமூன்று கிலோ.
"அரை மூட்டைகூட வராது" என்றார் அப்பா,
விளைச்சல் பிழைத்த குரலில்.
பிறகு தம்பி தொங்கினான்.
அவன் முப்பத்தொன்று.

விடுதியில்
ஜன்னலுக்கு ஜன்னல் ஏற்கெனவே கயிறு கட்டியிருந்தது.
மற்றக் கட்டிலில் எம்பிலிப்பிட்டியாவிலிருந்து தில்ருக்ஷி.
அவளுடைய தாய் அவளுக்குத் தலையணை உறை போட்டுக்கொண்டிருந்தார்.
நான் என் பெட்டியைத் திறந்து
மேலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்தேன்.
செருப்பு. கோப்பை, உடையாமல்.
எண்ணெய் மணக்கும் மிளகாய்த்தூள்.
பழைய உடுப்பு.
அதற்கும் கீழே, துணியோடு துணியாய் ஒட்டி,
நாலாய் மடித்த ஒரு வெறும் உரப்பை,
அதற்குள் இரண்டு முழக் கயிறு.

வேறொன்றும் இல்லை.
உதறிப் பார்த்தேன்.

"மொகத்த?" என்றாள் தில்ருக்ஷி.
என்னவென்று கேட்கிறாள், அது விளங்கியது.
சொல்லுவதற்கு எந்த மொழியிலும் வரவில்லை.
கால் துடைக்க, என்று சைகை காட்டி
வாசலில் விரித்தேன்.
அவள் தலையாட்டி
அதில் காலைத் துடைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

இரவு
ஃபேன் சத்தத்தில் நித்திரை வரவில்லை.
எழும்பிப் போய் அதை எடுத்து,
மண் உதறி,
அம்மா மடித்த மடிப்பிலேயே மடித்து,
மெத்தைக்குக் கீழே வைத்தேன்.
காலையில் வாசலில் ஈரக்கால்தடங்கள்.
தில்ருக்ஷி பையைத் தேடினாள்.
நான் பல் தீட்டிக்கொண்டிருந்தேன்.